அமைச்சர் திரையின் அகலம்

நெடும்பாழி நாட்டில் யாரும் நூலகத்துக்குப் போவதில்லை. கட்டடத்தைப் பூட்டிப் பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. நூல்களும் அரசாணைகளும் நூலகத்தின் இணையப் பக்கத்தில் இருந்தன. குடிகள் அதைக் கைபேசியில் பார்த்தார்கள். அமைச்சர் தீர்த்தகிரி தம் கூடத்தில், சுவர் முழுவதையும் அடைத்த திரையில் பார்த்தார்.

பக்கத்தை வடிவமைத்தவர் நூலகர் குமரவேள். கைபேசியின் அகலத்துக்கு அமைத்திருந்தார். அமைச்சரின் சுவரில் அது நடுவே ஒரு பட்டையாக நின்றது. இரு புறமும் வெள்ளை.

"ஏன்யா, என் முன்னாடி இவ்வளவு இடம் சும்மா கிடக்கு?" என்றார் அமைச்சர்.

"சின்னத் திரையிலயும் படிக்கணும் இல்லீங்களா ஐயா. ஜனங்ககிட்ட இருக்கறது கைபேசிதான்."

"நாடு வளருதுன்னு நான் மேடையில பேசறேன். நீ பக்கத்தைச் சுருக்கி வச்சிருக்கே."

அமைச்சர் திரையின் அகலமே நூலகப் பக்கத்தின் அகலம் என்று மறுநாள் சட்டம் வந்தது.

கைபேசிகளில் அதன் பிறகு இடது ஓரம் மட்டும் தெரிந்தது. மற்றதைப் பார்க்க, அடியில் இருந்த பட்டையை விரலால் இழுத்துக்கொண்டே போக வேண்டும். குமரவேள் இதை எழுத்தில் தெரிவித்தார். குடிகளையே கேட்டுவிடலாம் என்றார் செயலாளர் சொக்கேசன். பக்கத்தில் ஒரு கேள்வி வைக்கப்பட்டது: பக்கம் முழுவதும் தெரிகிறதா? 'ஆம்' இடது ஓரத்தில் இருந்தது. 'இல்லை' வலது ஓரத்தில்.

பதினோரு லட்சம் பேர் ஆம் என்றார்கள். நாற்பது பேர் இல்லை என்றார்கள்.

"அந்த நாற்பது பேரும் 'இல்லை' இருக்கும் இடத்தைப் பார்த்திருக்கிறார்கள்," என்றார் செயலாளர். "ஆகவே அவர்களுக்கும் பக்கம் முழுவதும் தெரிகிறது."

தேவையற்றது என்று அடியில் இருந்த இழுக்கும் பட்டை நீக்கப்பட்டது.

அந்த ஆண்டே ஓர் அறிவிப்பு வந்தது. ஓடைக்கரை என்ற ஊரில் நீர்த்தேக்கம் அமையும். ஊரார் முப்பது நாளுக்குள் நூலகப் பக்கத்தில் சம்மதமோ மறுப்போ தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காதவர் சம்மதித்தவர்.

ஓடைக்கரையில் பூவாயிக்கு இரண்டு அறை வீடு இருந்தது. கல்லும் சாந்தும் அவளே சுமந்து கட்டியது. இருபத்தாறாம் நாள் அவள் தலைநகருக்கு வந்து குமரவேளைப் பார்த்தாள். கைபேசியை நீட்டினாள்.

"சாரே, சம்மதம்னு மட்டும்தான் இருக்கு. முடியாதுன்னு சொல்ல எங்க அமுக்கறது?"

"வலது பக்கம் இருக்கும்மா."

"வலது பக்கம் என் கட்டைவிரல்தான் இருக்கு."

குமரவேள் உட்கார்ந்து, பக்கத்தைப் பழைய அகலத்துக்குக் கொண்டுவந்தார். பூவாயி அங்கேயே நின்று 'மறுப்பு' என்பதை அமுக்கினாள். ஊருக்குப் பேசினாள். மாலைக்குள், முன்பு சம்மதம் என்று அமுக்கியிருந்தவர்கள் உட்பட, ஓடைக்கரையின் இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளும் மறுத்துவிட்டன.

அமைச்சர் கூடத்துக்கு வந்தபோது சுவரில் மறுபடியும் வெள்ளை இருந்தது. குமரவேளைக் கூட்டிப் போனார்கள். அவர் திரும்பி வரவில்லை.

"இந்த மறுப்பையெல்லாம் என்ன பண்றது?" என்று கேட்டார் அமைச்சர்.

"செல்லாது ஐயா," என்றார் செயலாளர். "சட்டப்படியான அகலம் இல்லாத பக்கத்தில் மறுத்திருக்கிறார்கள். முழுப் பக்கத்தைப் பார்க்காதவரின் மறுப்பை எப்படி ஏற்பது?"

"இதுக்கு முன்னாடி சம்மதம்னு அமுக்கினவங்க?"

"அவர்கள் பார்த்தது முழுப் பக்கம்தான் ஐயா. அதில் எவ்வளவு தெரிந்தது என்பது அவரவர் கைபேசியைப் பொறுத்தது."

அமைச்சர் கையெழுத்திட்டார். பக்கம் மறுபடி சட்டத்தின் அகலத்துக்குப் போனது.

அணை கட்டி முடித்து, ஐப்பசியில் மதகை இறக்கினார்கள். ஆறு நாளில் நீர் நிரம்பியது. மேட்டிலிருந்து எடுத்த படத்தை நூலகப் பக்கத்தின் முகப்பில் போட்டார்கள். அமைச்சர் சுவரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை தண்ணீர். வலது ஓரத்தில் மட்டும் ஒரு கூரையின் முகடு.

"இப்பப் பாரு, காலி இடமே இல்ல," என்றார் அமைச்சர்.

மேட்டில் போட்ட தகரக் கொட்டகையில் பூவாயி அதே படத்தைக் கைபேசியில் பார்த்தாள். இடது ஓரம் தெரிந்தது. தன் வீடு இருந்த பக்கத்தைப் பார்க்க, கட்டைவிரலால் படத்தைத் தள்ளினாள்.

அது நகரவில்லை.