ஷோரூமிலிருந்து வீடு வரை

கொல்கத்தாவில் டாக்சி ஏறும்போதெல்லாம் ஒரு ஜோடி செருப்பைப் பறிகொடுத்த ஒரே மனிதர் எங்கள் மாடிவீட்டுக் கான்வாய் மாமாவாகத்தான் இருக்க முடியும். காளிகாட்டில் செருப்பைத் தெருவோரம் கழற்றி வைத்துவிட்டு ஏறுவார். சால்ட் லேக்கில் வெறுங்காலோடு இறங்குவார். "தாதா, ஜூத்தோ!" என்று, அண்ணா, செருப்பு என்று, தெருவே வங்க மொழியில் கத்தும். அதற்குள் வண்டி முனை திரும்பியிருக்கும்.

காரணம் அவருடைய பழைய உத்தியோகம். கார்களை டிரெய்லரில் ஏற்றி அனுப்பும் வழக்கம் பெருகாத நாட்களில், தொழிற்சாலையிலிருந்து புதுக் கார்களை ஓட்டிச்சென்று பாட்னா, கட்டாக் என்று ஊர் ஊராக ஷோரூம்களில் ஒப்படைத்த டிரைவர்களில் அவர் ஒருவர். ஏழெட்டுக் கார்கள் வரிசையாகப் போகும், அதுதான் கான்வாய். வாங்குபவரின் கால் படுமுன் தம் செருப்பு படக்கூடாதென்று வெறுங்காலோடு ஓட்டிய பழக்கம், அவர் ஓய்வு பெற்ற பிறகும் ஓயவில்லை.

"டாக்சின்னா இது! ஊரே மிதிச்ச வண்டி!" என்பார் மாமி.

"எல்லாக் காரும் ஒரு நாள் புதுசா இருந்ததுதானேடி."

நடக்கும்போதும் அவர் கான்வாயில்தான் இருந்தார். திரும்புமுன் கையை நீட்டிச் சைகை காட்டுவார். மீன் சந்தையில் ஒருமுறை அந்தக் கை, பின்னால் வந்த பெரியவரின் மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிட்டது. "நான் சிக்னல் போட்டேனே, அவர் ஏன் ஓவர்டேக் பண்ணினார்?" என்றார் மாமா. அதை வங்க மொழியில் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. நான் மன்னிப்பு மட்டும் கேட்டேன்.

அப்பா கார் வாங்கப்போகும் செய்தி தெரிந்த அன்று, மாமா என்னை மாடிப்படியில் நிறுத்தினார். அவர் கைக்குப் புதுக் கார் வந்து பல வருடங்கள் ஆகியிருந்தன.

"கொழந்தே, உங்கப்பா காதுல ஒரு வார்த்தை போட்டு வையேன். ஷோரூம்லேர்ந்து ஆத்து வரைக்கும் நான் ஓட்டிண்டு வரேன். லைசென்ஸ் இருக்கு, கண்ணும் நன்னா இருக்கு."

சொல்கிறேன் என்றேன். அப்பாவிடம் எதையும் கேட்டுப் பழகாதவள். நாளை, நாளை என்று நான்கு நாட்களைக் கடத்தினேன்.

கார் எடுக்கும் அன்று ஷோரூமுக்கு மாமா சலவைச் சட்டையில் வந்தார். வாசலில் டிரெய்லரிலிருந்து பிளாஸ்டிக் சுற்றிய கார்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"நாலு சக்கரம் இருக்கறதைத் தூக்கிண்டு வரான் பாரு!" என்று சிரித்தவர், பிறகு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அப்பா சாவியை வாங்கிக்கொண்டு பின்கதவைத் திறந்தார்.

"ஏறுங்கோ மாமா, சேர்ந்தே போயிடலாம்."

மாமா செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்சீட்டில் அமர்ந்தார். வீடு வரை ஒவ்வொரு திருப்பத்திலும் ஜன்னல் வழியே கையை நீட்டிக்கொண்டே வந்தார். இறங்கும்போது, "நன்னா ஓட்டறார் உங்கப்பா," என்றார் என்னிடம்.

மறுவருடம் கண் மங்கி, மகளோடு புவனேஸ்வர் போய்விட்டார். அண்மையில்தான் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"கேட்டிருக்கப்படாதோ? அன்னிக்கு அந்த டிராஃபிக்கைப் பார்த்து எனக்கே ஓட்ட பயமா இருந்தது. சந்தோஷமாக் குடுத்திருப்பேனே!"

சொன்னாயா என்று மாமா என்னை ஒருநாளும் கேட்டதில்லை.