ஒட்டு மரத்தை நான் ரிஜெக்ட் செய்த விவரம்

புதுவாயல்,
செவ்வாய்க்கிழமை

குணத்தில் தங்கமான மாப்பிள்ளை அன்புசெல்வன் அவர்களுக்கு, மாமனார் பச்சையப்பன் எழுதுவது. இங்கு எனக்கு முட்டிவலியும் உங்கள் அத்தைக்குக் கோபமும் தவிர மற்றெல்லாம் நலம். புனேயில் உங்கள் இருவர் நலத்தையும் திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் பார்த்துக்கொள்வார். போனில் சொல்லலாம் என்றால் பாதியில் பூமிகா பிடுங்கிக்கொண்டு என்னைத் திட்டுகிறாள். அதனால்தான் உங்கள் ஆபீஸ் விலாசத்துக்கு இந்தக் கடிதம்.

நீங்கள் இங்கே கட்டும் வீட்டுக்குக் கதவைச் சுற்றியும் சுவரடியிலும் அடிக்க மெல்லிய மரச்சட்டம், அதான் பீடிங், ஆர்டர் போட்டிருந்தீர்கள் அல்லவா? போன வாரம் கான்ட்ராக்டர் லோகு இல்லாத நேரத்தில் லாரிக்காரன் வாசலில் இறக்கிவிட்டுப் போனான். எல்லாம் பிரைமர் அடித்து வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு கணு இல்லை, ஒரு வெடிப்பு இல்லை. அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கும்மிடிப்பூண்டி கம்பி ஆலையில் சரக்கைத் தரம் பார்த்தே தலை நரைத்தவன் நான். அழகாக இருக்கிற சரக்கைத்தான் நாங்கள் முதலில் சுரண்டுவோம், ஏனென்றால் சப்ளையர் பெயிண்டுக்கு அடியில்தான் ஒட்டையும் உடைசலையும் ஒளித்து அனுப்புவான். உப்புத்தாளை எடுத்து ஒரு ஓரம் தேய்த்தேன். உள்ளே முழு மரமே இல்லை மாப்பிள்ளை. முழங்கை நீளத் துண்டுகளை, இரண்டு கை விரல்களைக் கோத்த மாதிரி, பல்லுப் பல்லாகச் சேர்த்து ஒட்டியிருந்தார்கள். அடுத்ததைத் தேய்த்தேன், அதிலும் ஒட்டு. ஒன்றாவது உருப்படியாக இருக்காதா என்கிற நப்பாசையில் தேய்த்துக்கொண்டே போனதில், சாயங்காலத்துக்குள் மொத்தச் சரக்கும் அம்மணமாகிவிட்டது.

மறுநாள் தச்சர் பென்னி வந்து பார்த்தார், அப்படியே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

“இன்னா நைனா பண்ணி வச்சிக்கிற? இது பெயிண்டு அடிக்கன்னே வர்ற மரம். கணுவெல்லாம் வெட்டிக் கடாசிட்டுதான் துண்டு துண்டா ஜாயின்ட் பண்றான். வளையாது, முறுக்காது. மேல ரெண்டு கோட்டிங் போனா ஜாயின்ட்டு யாருக்குத் தெரியப் போவுது?”

“எனக்குத் தெரியுமே,” என்றேன்.

“நீதான் சுரண்டிக்கினே திரியறியே. உனக்குத் தெரியாம இன்னா?”

சரி, பிரைமர் போனது போகட்டும், மரமாவது தெரியட்டும் என்று நானே வார்னிஷ் அடித்தேன். அதில் ஒரு துண்டு வெளுப்பு, ஒரு துண்டு சிவப்பு என்று ஒட்டெல்லாம் முன்னைவிடப் பளிச்சென்று எழுந்து நின்றது. உங்கள் அத்தை, “சும்மா கெடந்த மரத்த இப்டி பேஜாரு பண்ணி வச்சிக்கிறியே,” என்று போட்டோ எடுத்துப் பூமிகாவுக்கு அனுப்பிவிட்டாள். உடனே போன் வந்தது. “அப்பா, நீ இனிமே சைட்டு பக்கமே போவாத. சாவிய லோகு அண்ணங்கிட்ட குடுத்துடு.”

மாப்பிள்ளை, அந்த வார்த்தைதான் என்னைச் சுட்டுவிட்டது. ரிட்டயர் ஆன பிறகு, காலையில் நாஷ்டா முடித்துச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்ப எனக்கு இருக்கிற ஒரே இடம் உங்கள் சைட்டுதான். அதையும் பிடுங்கிவிட்டால் நாள் முழுக்க நான் உங்கள் அத்தையின் சமையலைத்தான் தரம் பார்க்க வேண்டியிருக்கும். அது இரண்டு பேருக்கும் ஆபத்து. பாழான பீடிங்குக்குப் பதில் புதுசு நானே வாங்கிப் போடுகிறேன், பிரைமரோடு, ஒட்டோடு, என் விரல்கூடப் படாமல். சாவி மட்டும் என்னிடமே இருக்கும்படி பூமிகாவிடம் நீங்கள்தான் பேச வேண்டும். உங்களை விட்டால் எனக்கு ஆள் இல்லை.

நீங்கள் இருவரும், சண்டை போட்டாலும் என் விஷயமாகப் போடாமல், நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்

உங்கள் மாமனார்,
பச்சையப்பன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது லோகு வந்தார். உங்கள் பீடிங் இன்னும் கடையை விட்டே புறப்படவில்லையாம். அடுத்த வீட்டையும் அவர்தான் கட்டுகிறார். அங்கே வாசலில் ஜல்லி கொட்டிக் கிடந்ததால், அந்த வீட்டுச் சரக்கை லாரிக்காரன் நம் வாசலில் இறக்கியிருக்கிறான். வீட்டுக்காரர் ஜெயராஜ் திருவள்ளூர் கோர்ட்டில் வேலை பார்ப்பவர். சாயங்காலம் என்னைப் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். புதுசு வாங்கிப் போடுவதாக மேலே எழுதியது இனி அவருக்குத்தான் பொருந்தும். உங்கள் பொருளில் என் கைபட்டு ஒரு கீறல்கூட விழவில்லை என்பதைப் பூமிகாவிடம் முதல் வேலையாகச் சொல்லவும்.