ஆனந்தவல்லியின் இரண்டாவது கையெழுத்து

உ

பாபநாசம்,
வியாழக்கிழமை மாலை.

மரியாதைக்குரிய சம்பந்தி திரு. ராஜராஜன் அவர்களின் சமுகத்துக்கு,

நடராசன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் ஆனந்தவல்லியும் தேக சௌக்கியமாக இருக்கிறோம். மனசு சௌக்கியமா என்று மட்டும் கேட்க வேண்டாம். அவ்விடம் கீழ்வேளூரில் தாங்களும், வானதி அம்மாளும், எங்கள் வருங்கால மருமகள் குந்தவையும் நலமாகவும், முக்கியமாகக் கோபமில்லாமலும் இருக்க வேண்டுமென்று எல்லாத் தெய்வங்களையும் வேண்டிக்கொள்கிறேன்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கல்யாணம் எங்களுக்கு வேண்டும். இன்று காலை தங்களுக்கு வந்திருக்கும் மண்டபத்து ஒப்பந்த பி.டி.எஃப்.பில், மணமகனின் தாயார் கையெழுத்திட வேண்டிய இடங்களிலெல்லாம் 'வேண்டாம்' என்று எழுதியிருக்கும். கடைசிப் பக்கத்தில் 'செல்வி குந்தவையை எங்கள் மகன் ராஜ்குமாருக்கு மணமுடிக்க முழுச் சம்மதம்' என்ற வரிக்குக் கீழேயும் அதேதான். அது எங்கள் கருத்து அல்ல. அது கத்தரிக்காயைப் பற்றிய கருத்து. விளக்கமாகச் சொல்கிறேன், தயவுசெய்து கடிதத்தைக் கிழிக்காமல் படிக்கவும்.

அந்தக் கும்பகோணம் ரோட்டு மண்டபத்தில் காகிதமே கிடையாது என்பது தாங்கள் அறிந்ததே. போன வருஷம் அங்கே ஒரு கல்யாணத்தில் ரெண்டு வீட்டாரும் முகூர்த்த நேரத்தில் அடித்துக்கொண்டு, ஒரு கோஷ்டி சாம்பார் அண்டாவையே தூக்கிக்கொண்டு போய்விட்டதாம். அதிலிருந்து ரெண்டு பக்கத்து அப்பா அம்மா நாலு பேரும் சம்மதக் கையெழுத்து போட்டால்தான் தேதி தருவேன் என்கிறார்கள். அதுவும் போனிலேயே போடணும், சனிக்கிழமை சாயந்திரத்துக்குள்ள போடணும், இல்லேன்னா வரிசையில நிக்கிற அடுத்த பார்ட்டிக்குக் குடுத்துடுவாங்க. நம்ம பையனுக்கு தோஹாவில லீவு கிடைக்கிறதே தை மாசக் கடைசி முகூர்த்தத்துக்குத்தான். இதை விட்டா அடுத்த வருஷம். அதுவரைக்கும் ஆனந்தவல்லி தாங்க மாட்டா. குந்தவைக்குன்னு எடுத்த மாம்பழக் கலர் பட்டுப் புடவையை தினம் பீரோவைத் திறந்து பாத்துட்டு மூடுறா.

அப்ப ராஜ்குமார் வீடியோ காலில வந்து என் போனில ஒரு ஆப் போட்டுக் குடுத்தான். "அப்பா, விரலால திரையில கையெழுத்து போடுங்க, அது ஞாபகம் வச்சுக்கும். அப்புறம் எந்த பி.டி.எஃப். வந்தாலும் தொட்டா போதும். எத்தனை கையெழுத்து வேணும்னாலும் சேத்து வச்சுக்கலாம்"னான். எத்தனை வேணும்னாலும்! சம்பந்தி, நான் கூட்டுறவு வங்கியில ரிட்டயர் ஆகுறவரைக்கும் அடுத்தவன் கையெழுத்தை ஒத்துப் பாத்தே காலம் தள்ளினவன், வால் கொஞ்சம் வளைஞ்சிருந்தாலும் செல்லாதுன்னு திருப்பி அனுப்பினவன், அப்பேர்ப்பட்டவன்கிட்ட இப்படி ஒரு சுதந்திரத்தைக் குடுத்தா என்ன ஆகும்? தமிழ்ல ஒண்ணு, இங்கிலீஷ்ல ஒண்ணு, பென்ஷன் ஆபீசுக்குச் சுருக்கமா ஒண்ணு, கல்யாணமான புதுசுல போட்டுக்கிட்டிருந்த ஸ்டைல் கையெழுத்து ஒண்ணுன்னு போட்டுத் தள்ளிட்டேன். ஆசை அடங்கல. கரண்டு பில்லுல கையெழுத்து போட்டேன். யாரோ வாட்ஸாப்புல அனுப்பின காதுகுத்துப் பத்திரிகையில கையெழுத்து போட்டு அவங்களுக்கே திருப்பி அனுப்பினேன். அவங்க பாவம், 'பெற்றுக்கொண்டோம், நன்றி'ன்னு பதில் போட்டாங்க.

இதுல ஒரு சின்னப் பிசகு ஆயிடுச்சு. எதை எழுதினாலும் மேல பிள்ளையார் சுழி போடாம எனக்குக் கை வராதுன்னு உங்களுக்குத் தெரியும், நிச்சயதார்த்தத்தன்னிக்கு மொய் கவர்லகூட போட்டேன். அதே பழக்கத்துல திரையில முதல்ல ஒரு உ போட்டு விரலை எடுத்தேன். எடுத்தவுடனே 'உங்கள் கையெழுத்து சேமிக்கப்பட்டது'ன்னுடுச்சு! பிள்ளையார் முதல் ஆளா வரிசையில உக்காந்துட்டார். நான் அதைக் கவனிக்காம, முதல்ல இருக்கிறதுதானே நம்மளோடதுன்னு அதைத் தொட்டு எல்லாப் பக்கத்துலயும் பதிச்சு மண்டபத்துக்கு அனுப்பிட்டேன். அந்த மேனேஜர் பொண்ணு ஃபிளோரா உடனே போன் போட்டா.

"சார், உங்க கையெழுத்து எங்க சார்? எல்லா எடத்துலயும் பிள்ளையார் சுழிதான் இருக்கு."

"சுழி இருக்குல்லம்மா, அப்ப நல்ல ஆரம்பம்தானே?"

"சார், நானும் எது எழுதினாலும் மேல சிலுவை போடுவேன். அதுக்காக பேங்குல போய் வெறும் சிலுவையைப் போட்டுட்டு வந்துடுவேனா? திரும்ப அனுப்புறேன், ஒழுங்கா போடுங்க. அம்மாவையும் போடச் சொல்லுங்க."

என்கிட்டயே கையெழுத்து செல்லாதுங்கிறா! சரின்னு என்னோடதை மாத்திட்டு, ஆனந்தவல்லியை அடுக்களையிலேருந்து கூப்பிட்டேன். அவ வந்து ஈரக் கையைத் துடைச்சு, லட்சணமா ஒரு கையெழுத்து போட்டா. அத்தோட விட்டிருக்கணும். 'இன்னொன்று சேர்க்கவா?'ன்னு ஆப் கேட்டுது. உபரியா ஒண்ணு இருக்கட்டுமேன்னு இன்னொண்ணு போடச் சொன்னேன். "அதான் ஒண்ணு போட்டாச்சுல்ல"ன்னு முணுமுணுத்துக்கிட்டே விரலை வச்சா. அந்த நேரம் பாத்து வாசல்ல காய்கறி ராஜாத்தி வந்து, "யக்கா, கத்தரிக்கா பிஞ்சா இருக்கு, போடவா?"ன்னு கத்தினா. இவ அங்க திரும்பி "வேண்டாம்"னா. வாய் சொன்னதைக் கையும் எழுதிடுச்சு. பள்ளிக்கூடத்துல கையெழுத்துப் போட்டியில பரிசு வாங்கினவ, அச்சடிச்ச மாதிரி எழுதிட்டா. நானும் பாக்காம சேமின்னு அமுக்கிட்டேன்.

படிக்கிற கண்ணாடி மேல நேத்துதான் நானே உக்காந்து உடைச்சேன். ஆப்புல ஒவ்வொரு கையெழுத்தும் எறும்பு அளவுக்குத்தான் தெரியுது. குத்துமதிப்பா ஒண்ணைத் தொட்டேன். 'எல்லாப் பக்கத்திலும் பதிக்கவா?'ன்னுது. பதிடா ராஜான்னேன். பதிச்சுது, அங்கேருந்து தானாவே உங்களுக்கும் வந்துடுச்சு. கொஞ்ச நேரத்துல ஃபிளோரா கூப்பிட்டு, "சார், உங்க வீட்டம்மாவுக்கு இந்தக் கல்யாணத்துல ஏதாவது மனக்குறையா?"ன்னு மெதுவா கேட்டா. அப்புறம் ஒவ்வொண்ணா வாசிச்சா. நாதஸ்வரம், வேண்டாம். விருந்து, வேண்டாம். ஜெனரேட்டர், வேண்டாம். பொண்ணு அலங்கார ரூம், வேண்டாம். அப்புறம் அந்தக் கடைசிப் பக்கம்.

ஆனந்தவல்லிகிட்ட சொன்னேன். கத்துவான்னு நினைச்சேன், கத்தல. "என் கையாலயே என் புள்ளை கல்யாணத்தை நிறுத்த வச்சுட்டீங்களே"ன்னு மட்டும் சொல்லிட்டு பீரோகிட்ட போய் உக்காந்துட்டா. காலையிலேருந்து ஒரு வாய் சாப்பிடல. அதைப் பாக்கத்தான் எனக்குத் தாங்கல, சம்பந்தி.

உங்களுக்குப் போன் போட்டா ஸ்விட்ச் ஆஃப். வானதி அம்மாளுக்குப் போட்டா அடிச்சுக்கிட்டே இருக்கு, எடுக்க ஆளில்லை. குந்தவைக்குப் போட்டா எப்பவும் பிஸி. தோஹாவிலேருந்து பையன், "அப்பா, குந்தவை என் மெசேஜைப் பாக்கவே இல்லப்பா, லீவை கேன்சல் பண்ணிடவா?"ன்னு அழுவாத குறை. நீங்க கோபப்பட்டது நியாயம். என் பொண்ணைப் பத்தி எவனாவது பக்கத்துக்குப் பக்கம் வேண்டாம்னு எழுதி அனுப்பினா நானும் போனை அணைச்சுடுவேன். நேர்ல வரலாம்னா வாசல்ல நிக்க வச்சுடுவீங்களோன்னு பயமா இருக்கு. அதான் நாளைக் காலையில கீழ்வேளூருக்கு அம்மா வீட்டுக்குப் போற பக்கத்து வீட்டு தஹ்மீனாகிட்ட இந்தக் கடிதத்தைக் குடுத்து அனுப்புறேன். இதுல ஆப் இல்லை, பேனா. கீழே ஆனந்தவல்லி தன் கையாலயே எழுதுறா:

வேணும். குந்தவை எங்க வீட்டுக்கு வேணும். கத்தரிக்காய்தான் வேண்டாம்.
— ஆனந்தவல்லி

தங்களுக்கும் வானதி அம்மாளுக்கும் எங்கள் அன்பான வணக்கங்கள். குந்தவைக்கு எங்கள் மனமார்ந்த ஆசீர்வாதம். பெரிய மனது பண்ணி, சனிக்கிழமை சாயந்திரத்துக்குள் ஒரு நல்ல வார்த்தை சொல்லி, இந்த வீட்டில் அடுப்பெரிய வைக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தியாகவே இருக்க விரும்பும்,
நடராசன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போற நேரத்துல ஃபிளோரா மறுபடியும் கூப்பிட்டா, சிரிப்பை அடக்க முடியாம. உங்க வீட்டுக் கையெழுத்தெல்லாம் இப்பத்தான் வந்துதாம். உங்க போன் கிணத்துத் தொட்டியில விழுந்துடுச்சாமே, பொண்ணு போன்லதான், வர்ற காலையெல்லாம் கட் பண்ணிட்டு, காலையிலேருந்து குடும்பமே கூடி உக்காந்து போட்டுக்கிட்டிருந்தீங்களாமே! வானதி அம்மாள் ஒவ்வொரு 'வேண்டாம்' பக்கத்துலயும் ஒரு வரிகூடப் படிக்காம 'சம்மதம்'னு முத்து முத்தா கையெழுத்து போட்டிருக்காங்களாம். ஆகமொத்தம் விருந்தும் வேண்டாம், நாதஸ்வரமும் வேண்டாம், கல்யாணமும் வேண்டாம்னு ரெண்டு வீட்டு அம்மாவும் ஏகமனதா ஒத்துக்கிட்டாச்சு. உங்க கையெழுத்து இருக்க வேண்டிய எடத்துல முதல் பக்கத்துலேருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் என்ன இருக்குன்னு சொன்னா தெரியுமா? உ! இதைக் கேட்டு ஆனந்தவல்லி பீரோவை விட்டு எழுந்து வந்து, சிரிச்சு சிரிச்சுக் கண்ணுல தண்ணி வந்து, இப்ப ரசம் ஊத்திச் சாப்பிட்டுக்கிட்டிருக்கா. இதைவிடப் பொருத்தமான சம்பந்தி எனக்கு எங்க கிடைப்பார்? மேல எழுதினதையெல்லாம் படிச்சிருந்தா படிக்காத மாதிரி இருந்துடுங்க, அதுதான் உங்க வீட்டுக்குப் பழக்கமாச்சே. ஃபிளோரா மனசிறங்கி நம்ம நாலு பேருக்காக மட்டும் காகிதத்துல பிரிண்ட் எடுத்து வைக்கிறாளாம். சனிக்கிழமை காலையில மண்டபத்துக்கு வந்துடுங்க. பேனா நான் கொண்டுவரேன், நீங்க படிக்கிற கண்ணாடி கொண்டுவாங்க.