குணரத்தினத்தின் சாஃப்ட்பால்

இனிச் சனிக்கிழமைகளில் கடைக்குக் கார் ஓட்டுவதில்லை என்று குணரத்தினம் உறுதி பூண்டார். மனைவி யோகராணி வெண்டிக்காயை த்ரீ கிங்ஸ் கடையில் பார்ப்பாள், தள்ளியிருக்கும் நியூ லின் கடையில் விசாரிப்பாள், திரும்ப த்ரீ கிங்ஸ் போய்த்தான் வாங்குவாள். அவர் காருக்குள்ளேயே கிழவனாகிக்கொண்டிருந்தார்.

வேலைத்தலத்தில் ஒரு சாஃப்ட்பால் அணி இருந்தது. பந்தை அடித்துவிட்டு மைதானத்தின் நாலு மூலையையும் தொட்டு ஓடிவரவேண்டும். ஆள் பற்றாத அணி. மூச்சு விடுகிற யாரையும் சேர்த்துக்கொண்டார்கள்.

"சனிக்கிழமைகளில பயிற்சியாம். போகாட்டி மனேஜர் கோவிப்பார்," என்றார், முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு.

"அப்ப கடை?"

"பக்கத்து வீட்டு ஜோசபினோட போமன்."

"ஓம், போறன்."

சண்டைக்கென்று அவர் யோசித்து வைத்திருந்த நியாயமெல்லாம் வீணாய்ப் போயிற்று.

கோடை முழுவதும் விளையாடினார். பந்து அவரைத் தேடி வந்தது. அவர் மரியாதையாக வழிவிட்டார். யோகராணிதான் ஆச்சரியம். மழை இருட்டினால் அவரைவிட அவள் கவலைப்பட்டாள். "பயிற்சி இருக்குத்தானே?" என்று வெள்ளிக்கிழமையே கேட்டாள். இப்படியொரு ரசிகை வாய்த்ததில் அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

கடைசி ஆட்டம் நகரத்துக்கு வெளியே, ஒரேவா கடற்கரையோரம். விடுமுறைக்கு வந்த சனம் ஐஸ்கிரீமும் கையுமாகப் பார்த்து நின்றது. யோகராணியும் சோற்றுப் பார்சலோடு வந்திருந்தாள். குணரத்தினம் கண்ணை மூடிக்கொண்டு மட்டையை வீச, பந்து தானாக வந்து பட்டது. ஓடினார். முதல் மூலைக்கு முன்னமே கணுக்கால் பிரண்டு விழுந்தார். கால் பூசணிக்காயாக வீங்கிற்று.

"ஆரையும் கேளும், எங்களை வீட்ட கொண்டுபோய் விட."

"கார்த் திறப்பைத் தாங்கோ," என்றாள்.

"உமக்குக் கார் ஓடத் தெரியாதே?"

"போன மாசம் லைசென்ஸ் எடுத்திட்டன். சனிக்கிழமைகளில ஜோசபின்ர காரில பழகினனான்."

"அப்ப மரக்கறி?"

"அவவின்ர மனுசன் மணியம் வாங்கித் தந்தவர். நல்ல மனுசன்."

"என்னைக் கேட்டிருந்தால் நான் பழக்கியிருப்பனே."

"கேட்டனான். ஒரு வீட்டுக்கு ஒரு டிரைவர் போதும் எண்டீங்கள்."

வழி நெடுகிலும் அவர் நல்ல காலால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு வந்தார். அவள் ஓட்டியதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கணுக்காலைவிட அதுதான் வலித்தது.

துறைமுகப் பாலம் தாண்டியதும் தொண்டையைச் செருமினார். "சரி, கால் சுகமாகுமட்டும் நீரே ஓடும்."

"திங்கட்கிழமை எனக்கு மவுண்ட் வெல்லிங்டனில வேலை தொடங்குது. கார் எனக்கு வேணும்," என்றாள் யோகராணி, கண்ணாடியைப் பார்த்து லேன் மாறியபடி. "உங்கட வேலைப் பக்கம் போற பஸ்ஸை விசாரிச்சு வைச்சிருக்கிறன்."