சங்கத்தின் முதுகெலும்பு

கூட்டம் தொடங்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போதே அவர் வந்துவிடுவார். கேன்டீனின் பின்சுவரோரம், தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் இடம் பிடித்து, உயரமான ஆட்கள் இரண்டு பேரைத் தோளைத் தொட்டுத் தனக்கு முன்னால் நகர்த்தி, மேடையிலிருந்து பார்த்தால் தன் முகம் தெரியாது என்று நிச்சயமானதும் தொண்டையைச் செருமிக்கொள்வார். அவ்வளவுதான். இனி அன்றைக்கு முதல் கோஷம் அவருடையது.

வாசகரே, இவர்தான் பின்னால் நிற்பவர். சங்கம் என்று ஒன்று இருக்கிற இடமெல்லாம் இந்த இனம் இருக்கும். நம்முடையவர் ஒரு மோட்டார் பம்பு ஆலையில், பிரஸ் ஷாப்பில் தகடு வெட்டுகிறவர். "நீங்க தைரியமாப் போங்க, பின்னால நான் இருக்கேன்" என்பது அவர் வாய்பாடு. சம்பள உயர்வா? பின்னால் இருப்பார். போனஸா? இன்னும் கொஞ்சம் பின்னால் இருப்பார். முன்னால் வரச் சொன்னால், "முதுகெலும்பு எங்கப்பா இருக்கு? பின்னாலதானே?" என்பார். அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. கோபப்பட்டாரா? பெருமைப்பட்டார்.

இப்படி இருக்கும்போதுதான், வைண்டிங் பிரிவை வெளியே காண்ட்ராக்டுக்கு விடப்போகிறார்கள் என்று பேச்சுக் கிளம்பியது. வெளியே பாதிச் சம்பளத்துக்கு ஆள் கிடைக்கிறதாம். மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றும் பெண்கள் அத்தனை பேருக்கும் வேலை போய்விடும். அவர்களில் ஒருத்தி முதுகெலும்பின் மனைவி. மனிதர் கொதித்துப்போனார். டீ இடைவேளையில் எல்லோருமாக மேனேஜரிடம் போய்க் கேட்டுவிடுவது என்று முடிவெடுக்க வைத்ததே அவர்தான், பின்சுவரிலிருந்து.

மேனேஜர் அறை மாடியில். ஏறுவதற்கு ஒற்றை ஆள் அகலத்தில் ஓர் இரும்புப் படிக்கட்டு. தோளோடு தோள் சேர்ந்து வந்தவர்களுக்கு, யாராவது ஒருவர் முதலில் ஏறித்தான் ஆகவேண்டும் என்பது அங்கே வந்த பிறகுதான் உறைத்தது. சங்கச் செயலாளருக்கோ முந்தின நாள் கத்தியதில் தொண்டை கட்டி வெறும் காற்றுதான் வந்தது. பிறகு தொடங்கியது பாருங்கள் ஒரு மரியாதை. லேத்காரர் வெல்டருக்கு வழிவிட்டார். வெல்டர், வயதில் பெரியவர் என்று ஃபிட்டரைக் கைகாட்டினார். ஃபிட்டருக்கு முழங்கால் வலி ஞாபகம் வந்தது. முதுகெலும்பு கல்யாண வீட்டு வாசலில் நிற்பவரைப் போல எல்லோரையும் கைநீட்டி உபசரித்து முன்னே அனுப்பிக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"என்னங்க, ஏறலையா?"

"நீ போம்மா. பின்னால நான் இருக்கேன்."

"சரி, இருங்க" என்று ஏறினாள்.

வைண்டிங் பெண்கள் தொடர்ந்தார்கள். வெட்கப்பட்டு வெல்டர் ஏறினார். முழங்காலும் ஏறியது. முதுகெலும்பு கீழ்ப்படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்று, மேலே பேசுவதில் ஒரு வார்த்தைகூடக் காதில் விழாமலே, "அப்படிக் கேளு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் கேட்டது ஒன்றுதான்.

"வெளிய குடுங்க சார், வேணாங்கல. அங்க செய்றவங்களுக்கும் எங்க சம்பளமே குடுக்கணும். எழுதிக் குடுங்க, போயிடறோம்."

மேனேஜர் யோசித்தார். சம்பளம் அதே என்றால் எதற்கு வெளியே கொடுப்பது, லாரிக்கு வாடகை கட்டவா? எழுந்து போய்விடலாம் என்றால் படிக்கட்டு அடிவரைக்கும் ஆள். கீழே மெஷின்கள் வேறு நின்றுபோயிருந்தன. ஆலைக்குள்ளேயே வேலை நடக்கும் என்று சாயங்காலத்துக்குள் அறிவிப்பு வந்தது.

பின்பலம் இல்லாமல் எந்தப் போராட்டம் ஜெயித்திருக்கிறது என்று முதுகெலும்பு அன்றைக்கு வீட்டில் விளக்கிக்கொண்டிருந்தார். மனைவி இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

வெல்டர் சொல்லி இது நமக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. எல்லோரும் மேலே போனதுமே மேனேஜர் சொல்லிவிட்டாராம்: வைண்டிங்கை யாரும் தொடவில்லை, அது வதந்தி, வெளியே போவது தகடு வெட்டுகிற பிரஸ் ஷாப். வைண்டிங் பெண்கள் அப்போதே இறங்கியிருக்கலாம். அதற்குப் பிறகுதான் அவள் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறாள். இறங்கும்போது எல்லோரிடமும் மெதுவாகச் சொன்னாளாம், "அவர்கிட்ட யாரும் சொல்லிடாதீங்க. பாவம், ராத்திரியெல்லாம் தூங்கமாட்டாரு."

இன்றுவரை அவருக்குத் தெரியாது. சிரிக்கிறீர்கள், சரி. உங்கள் வீட்டில் உங்களிடம் எதையெல்லாம் சொல்லாமல் வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டுப் பார்த்துவிடாதீர்கள்.