மாவுக்கு எட்டு மூட்டை

இணையத்தில் என் பெயரைத் தேடிப் பார்த்தீர்களானால் முதலில் வருவது நான் ஒரு சனிக்கிழமை கேட்ட மன்னிப்பு. வாங்கிய பட்டமெல்லாம் மூன்றாம் பக்கத்தில்தான் கிடக்கிறது. யார் யாரையோ கெஞ்சிப் பார்த்துவிட்டேன், அழிக்க முடியாதாம்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் 'பெஞ்ச்'சில் இருந்தேன். (சம்பளம் உண்டு, வேலை கிடையாது. ஊரில் சொன்னால் யாரும் நம்பவில்லை.) பொழுது போகாமல் இணையத்தைத் துழாவியபோது ஒரு புரோகிராம் அகப்பட்டது. மழை, வெயில், மண் விவரங்களைக் கொடுத்தால் நெல் எவ்வளவு விளையும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும். இலவசம். அதன் நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம், தப்பிருந்தால் திருத்தி அனுப்பலாம். பல தேசத்து ஆட்கள் ஒரு மின்னஞ்சல் மடற்குழுவில் கூடி அந்த வேலையைப் பார்த்தார்கள். தலைவர் யான் என்ற டச்சு விஞ்ஞானி.

சின்னச் சின்னத் திருத்தங்களாக அனுப்பி நல்ல பெயர் வாங்கியிருந்தேன். ('மதிப்பிற்குரிய ஐயா' என்றுதான் ஆரம்பிப்பேன். 'யான் என்றே கூப்பிடுங்கள்' என்று எழுதினார். 'சரி ஐயா' என்று பதில் போட்டேன்.) அவருடைய பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்திருந்தேன். அவர் தரப்போகும் சிபாரிசுக் கடிதத்தை நம்பித்தான் எல்லாமே. கூலிக்கு நடவு நட்ட குடும்பம் எங்களுடையது. அப்பா காலத்தில்தான் சொந்தமாக ஒரு ஏக்கர் வந்தது. அந்த வீட்டிலிருந்து விமானம் ஏறப்போகும் முதல் ஆள் நான்.

சும்மா இருந்திருக்கலாம். தீபாவளிக்கு நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊருக்குப் போனபோது, புரோகிராமைச் சோதித்துவிடலாம் என்று தோன்றியது. போன வருட விவரங்களைக் கொடுத்தேன். மாவுக்குப் பன்னிரண்டு மூட்டை என்றது. (ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு ஒரு மா.) நோட்டும் பேனாவுமாகக் கிளம்பி, டீக்கடை வாசலில் நின்ற அப்பாவை முதலில் பிடித்தேன்.

"போன சம்பால மாவுக்கு எவ்ளோப்பா கண்டுச்சு?"

"எங்க கண்டுச்சு... எட்டு தேறுனாலே பெருசும்மா."

அங்கிருந்த கலியபெருமாள் சித்தப்பாவும் எட்டு என்றார். அவருடைய வயல் எங்கள் வயலுக்கு அடுத்தது. தெருத் தெருவாகப் பதின்மூன்று பேரைக் கேட்டேன். எட்டு, எட்டரை, ஏழே முக்கால். எனக்குப் புல்லரித்துவிட்டது. இப்படி ஒன்றுபோலத் தரவு எந்த விஞ்ஞானிக்குக் கிடைக்கும்?

சென்னைக்குத் திரும்பி மடற்குழுவில் நீளமாக ஒரு கடிதம் எழுதினேன். 'குளிர்நாட்டில் உட்கார்ந்து எழுதிய உங்கள் புரோகிராமுக்குக் காவிரி வெயில் தெரியவில்லை' என்று ஒரு வரி. (அந்த வரியை இப்போது படித்தாலும் காது சூடாகிறது.) தஞ்சாவூர்ப் பக்கத்து விளைச்சலை மூன்றில் இரண்டாகக் குறைக்கும்படி நிரலில் ஒரு திருத்தமும் சேர்த்தேன். யான் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: 'மூட்டைகளை எடை போட்டுப் பார்த்தீர்களா?'

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. 'என் அப்பா பொய் சொல்ல மாட்டார்' என்று பதில் போட்டேன். பல தேசமும் படித்தது. யான் மறுபேச்சில்லாமல் திருத்தத்தை ஏற்றுக்கொண்டார்.

தை அறுவடைக்கு ஊருக்குப் போனேன். திங்கட்கிழமை புரோகிராமின் புதிய பதிப்பு, என் திருத்தத்தோடு, வெளிவர இருந்தது. சனிக்கிழமை காலை எங்கள் ஏக்கரில் மெஷின் இறங்கியது. மூட்டை பிடித்து முடித்ததும் எண்ணினேன். முப்பத்தேழு. மறுபடி எண்ணினேன். அதே முப்பத்தேழு. அப்போது வரப்பில் கலியபெருமாள் சித்தப்பா வந்தார்.

"என்னண்ணே, எவ்ளோ கண்டுச்சு?"

அப்பா தார்ப்பாயை இழுத்து மூட்டைகளை மூடிக்கொண்டே, "எங்க கண்டுச்சு தம்பி... எட்டுதான்" என்றார்.

"எனக்கும் எட்டுதாண்ணே." சித்தப்பா திருப்தியாகப் போய்விட்டார்.

"அப்பா, பன்னெண்டுக்கு மேல வருதே."

"மெதுவா பேசும்மா. கண்ணு பட்டுரும்."

"சித்தப்பா நம்பிட்டாரேப்பா."

"அவன் எங்க நம்புனான்? எட்டுன்னா பன்னெண்டுன்னு அவனுக்குத் தெரியும். பன்னெண்டுன்னு சொன்னாத்தான் பதினெட்டுன்னு நெனச்சுக்குவான்."

"எங்கிட்டயும் எட்டுன்னுதானே சொன்னீங்க."

"டீக்கடையில வச்சுக் கேட்டா வேற என்னத்தச் சொல்றது? வீட்ல வந்து கேட்டிருக்கலாம்ல?"

சாப்பாட்டுத் தூக்கோடு வந்த அம்மா, "இத்தன படிச்சும் இது தெரியலயா ஒனக்கு?" என்றாள். வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஊரே கூடி ஒற்றுமையாகக் குறைத்துச் சொன்னதை நம்பி, சரியாக இருந்த புரோகிராமைக் கெடுத்துவைத்திருக்கிறேன். சொன்னால் சிபாரிசுக் கடிதம் போச்சு. சொல்லாவிட்டால் ஒரு தப்புக் கணக்கு என் பெயரோடு உலகமெல்லாம் போகும்.

அப்பாவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு நீடாமங்கலம் பிரவுசிங் சென்டருக்கு மிதித்தேன். பாதிக் கடிதத்தில் கரண்ட் போனது. வந்ததும் முதலிலிருந்து அடித்தேன். 'என் அப்பா பொய் சொல்லவில்லை. எங்கள் ஊரில் விளைச்சலை அப்படித்தான் சொல்வார்கள். புரிந்துகொள்ளாதது நான். திருத்தத்தை நீக்கிவிடுங்கள். மன்னிக்கவும்.' அனுப்பிவிட்டு, வைக்கோல் தூசி ஒட்டிய கையைப் பார்த்தபடி அழுகையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சென்டர்காரர், "என்னம்மா, ரிசல்ட்டா?" என்றார்.

ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. 'நீக்கிவிட்டேன். என் அப்பா உருளைக்கிழங்கு விவசாயி. அவரும் குறைத்துத்தான் சொல்வார். அதனால்தான் எடை போட்டீர்களா என்று கேட்டேன். தன் தப்பைத் தானே சொல்கிற ஆள் எனக்கு வேண்டும். சிபாரிசுக் கடிதத்தை இன்றே அனுப்புகிறேன்.' அப்பாடா என்று இருந்தது. பிறகுதான் அந்த அழுகை வந்தது. சென்டர்காரர், "பாஸா?" என்றார். பாஸ் என்றேன்.

அந்தப் புரோகிராமின் கையேட்டில், விளைச்சலைக் கேட்டு எழுதாதீர்கள், எடை போடுங்கள் என்று ஒரு பக்கம் இருக்கிறது. எழுதியது நான். யானின் பல்கலைக்கழகத்தில் எனக்கு இடம் கிடைத்த செய்தியை விசாரித்தவர்களிடம் அப்பா, "எங்க... ஏதோ படிக்கக் கூப்புடுறாங்களாம்" என்றாராம்.

அங்கே முதல் குளிர்காலத்தில் தனியாகத் தவித்த நாட்களில் அப்பா போன் செய்து எப்படி இருக்கிறாய் என்பார். "ஏதோ இருக்கேம்பா" என்பேன். "எட்டா, பன்னெண்டா?" என்பார். நிஜமாகவே எட்டு என்றால், தேற்றுவதற்கு அம்மாவைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடுவார். இப்போது எங்கள் வீட்டில் காய்ச்சல், பரீட்சை, மாமியார் வருகை எல்லாவற்றுக்கும் அதே கேள்விதான். போன வாரமும் கேட்டார்.

"பன்னெண்டுப்பா" என்றேன்.

"பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?"

"இல்லப்பா."

"அப்ப சரி" என்று போனை வைத்தார்.