வளையம் விழுந்த தோட்டாக் கூடுகள்

மொன்டானா,
அக்டோபர், செவ்வாய்க்கிழமை

மரியாதைக்குரிய ஆர்விட் மச்சானுக்கு,

வெண்டல் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் தங்கை ஈனிடும் நலம். நீங்களும் வெர்னா அக்காவும் மாடுகளும் நலமென்று நம்புகிறேன். இங்கே மலை உச்சியில் பனி விழுந்துவிட்டது. அக்கா கொடுத்தனுப்பிய சோக்செர்ரி ஜாமும் தீர்ந்துவிட்டது. இரண்டுக்கும் சம்பந்தமில்லைதான். நலம் விசாரிக்கும் பத்தி கொஞ்சம் நீண்டால் விஷயத்துக்கு வருவது அந்த அளவுக்குத் தள்ளிப்போகுமே என்று எழுதினேன்.

விஷயம் இதுதான். எல்க் மான் வேட்டைக்கு வெடிமருந்து நிரப்பித் தரச் சொல்லி, சுட்டு முடித்த பித்தளைத் தோட்டாக் கூடுகளைக் காபி டப்பாவில் போட்டுக் கொடுத்தீர்கள் அல்லவா? அவற்றில் பாதிக்கு மேல் நான் நிரப்பப் போவதில்லை. இந்த வாக்கியத்தை அடித்து அடித்து எழுதினேன். இதைவிடப் பணிவாக எழுத வரவில்லை, மன்னிக்கவும்.

வழக்கம்போல் கழுவி, காயவைத்து, முட்டை அட்டைகளில் வரிசையாக நிறுத்தி, ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கழுத்தில் கீறல் விட்டவற்றைக் கண்டுபிடிக்க என்னைப் போன்றவன் தேவையில்லை, குழந்தைக்கே தெரியும். அடியில், மருந்தைப் பற்றவைக்கும் பொட்டு உட்காரும் குழி சிலவற்றில் தளர்ந்திருந்தது. கருவியால் அழுத்திச் செருக வேண்டிய பொட்டு, கட்டைவிரல் பட்டதுமே உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அவற்றையும் ஒதுக்கினேன். என்னைக் கலங்கவைத்தது வேறு. சுடச்சுடக் கூடு நீள்கிறது, நீண்ட பித்தளை அடிப்பாகத்துக்குச் சற்று மேலே மெலிகிறது. வெளியே ஒரு பளபளப்பு வளையம் தெரியும், சில சமயம் அதுவும் தெரியாது. பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மட்டும் வளைத்து, உள்ளே விட்டுச் சுவரோடு இழுத்துப் பார்க்க வேண்டும். பள்ளம் இருந்தால் நுனி முட்டும். முட்டினால் அடுத்த முறை சுடும்போது கூடு துப்பாக்கிக்குள்ளேயே இரண்டாகப் பிளந்துவிடலாம், சூடான வாயு பின்பக்கமாக முகத்துக்கு வரலாம். முகம் உங்களுடையது, மச்சான்.

ஆனால் முட்டியது பள்ளம்தானா, என் கை நடுக்கமா? வாழ்நாள் முழுக்கக் கணக்குச் சொல்லிக்கொடுத்தும் கடை ரசீதை இரண்டு முறை கூட்டிப் பார்க்கிறவன் நான். ஆகவே புதுக் கூடுகளையும் இவற்றையும் கலந்து, ஈனிடைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, கம்பியைக் கையில் கொடுத்தேன்.

“இது முட்டுதுங்க. இதுவும் முட்டுது. இது வழுக்கிட்டுப் போகுது.”

“நிச்சயமா?”

“காலமெல்லாம் உங்க சட்டைக்குப் பட்டன் தைக்கிற கைங்க இது. ஏங்க, எங்க அண்ணன் இதை வச்சு ஆணியா அடிச்சாரு?”

அப்போதும் மனம் ஒப்பாமல் டெல்பர்ட்டின் துப்பாக்கிக் கடைக்கு ஒன்றை எடுத்துப் போனேன். அவர் அதை நெடுக்காக அறுத்துக் காட்டினார். உட்சுவரில், அடிக்கோடிட்டது போல ஒரு பள்ளம். அந்த இடத்தில் பித்தளை காகிதமாக இருந்தது.

“யாரோடது வாத்தியாரே இது?”

“என் மச்சானோடது.”

“அவரு மூஞ்சி மேல உங்களுக்கு அப்படி என்ன கோவம்?”

அடுப்பருகே உட்கார்ந்திருந்த கிழவர் ஒருவர் திரும்பினார். “ஆர்விட்டா? அடுத்தவன் நிரப்பினதையா அவன் சுடுறான்? நான் என் கூடப்பொறந்த தம்பி நிரப்பினதையே தொடமாட்டேன்யா. அடுத்தவன் பல் பிரஷ் மாதிரி அது!”

“நீ உன் பிரஷ்ஷையே தொடமாட்டியே” என்றார் டெல்பர்ட்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிழவர் சொன்னதுதான் நம் பக்கத்து வழக்கம். அதில் யாருக்கும் அவமதிப்பு கிடையாது. அந்த வழக்கத்தை எனக்காக மீறுகிறவர் நீங்கள் ஒருவர்தான். போன வருடம்கூட முதுகில் தட்டி, “மாப்ளே, உன் தோட்டா தேனாட்டம் போச்சுடா!” என்றீர்களே. இந்த ஊரில் என் கையை நம்பி முகத்தை வைக்கிற ஒரே மனிதரிடம் போய் முடியாது என்று சொல்வதா? சொல்லாமல் நிரப்பிக் கொடுத்துவிட்டு, நீங்கள் மலையேறும் நாளில் நான் இங்கே சாப்பிடுவதா? இரண்டும் முடியாமல்தான் எழுதுகிறேன்.

கழித்த கூட்டைக் குறட்டால் நசுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் சிக்கனக்காரர் யாராவது மறுபடி பொறுக்கிவிடுவார்கள். உங்களைச் சொல்லவில்லை. அதாவது, மரியாதையோடுதான் சொல்கிறேன். முதல் கூட்டிலேயே, பிறத்தியார் பொருளாயிற்றே என்று என் கை நின்றுவிட்டது. ஈனிட் குறட்டைப் பிடுங்கிக்கொண்டாள். “குடுங்க இப்படி. எங்க அண்ணன் மூஞ்சி ஒண்ணும் அழகில்ல. ஆனா வெர்னா அண்ணிக்கு அது ஒண்ணுதானே இருக்கு!” என்று சொல்லி அத்தனையையும் நசுக்கினாள். கோபம் வந்தால் என்மேல் வையுங்கள். நசுக்கியது அவள் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சரிவில் எல்க் இறங்கட்டும், அதற்கு உங்கள் வாடை எட்டாதபடி காற்று உங்கள் முகத்துக்கு எதிராக வீசட்டும், அந்த முகம் இன்றிருப்பது போலவே என்றும் இருக்கட்டும். அக்காவுக்கு என் வணக்கம்.

அன்பும் அச்சமும் குறையாத,
வெண்டல்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில், உங்கள் கோபத்தை முன்கூட்டியே தணிக்க எண்ணி ஈனிட் வெர்னா அக்காவுக்குத் தொலைபேசினாள். அக்கா குரல் எனக்கும் கேட்டது. “அட, அவரு எங்கடி அதைச் சுட்டாரு?” நான் இதுவரை நிரப்பிக் கொடுத்ததெல்லாம் உங்கள் நிலவறையில் ஊறுகாய் ஜாடிகளுக்குப் பின்னால் பிரிக்காமல் இருக்கிறதாம். நீங்கள் சுடுவது கடைத் தோட்டாவாம். டப்பாவிலிருந்த கூடுகள்கூட உங்களுடையவை அல்லவாம். நான் ஓய்வுபெற்ற பிறகு சமையலறை அலமாரியைத் தினமும் புதிதாக அடுக்குகிறேன் என்று ஈனிட் அழுததைக் கேட்டு, எனக்கொரு வேலையாகட்டும் என்று துப்பாக்கி சுடும் திடலின் குப்பை வாளியிலிருந்து வருடாவருடம் பொறுக்கி வருகிறீர்களாம். வருத்தம் வர வேண்டுமோ என்று சற்று நேரம் யோசித்தேன். வரவில்லை. வழக்கம் நல்ல வழக்கம். நீங்கள் அதைக் காத்தது சரி. ஆகவே மேலே எழுதியதைப் பொருட்படுத்த வேண்டாம். நசுக்கியது போக மிஞ்சியவற்றை நிரப்பித் தருகிறேன், நீங்களும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த வருடமும் வாளியில் கைவிடும்போது இதைப்போல மோசமானவையாகப் பார்த்துப் பொறுக்குங்கள். நல்லவையாக இருந்தால் வேலை சீக்கிரம் முடிந்துவிடுகிறது.